கூடு, உண்மையானது

இரவு பத்து இருபதுக்கு
இரண்டாம் வகுப்பு வட்ஸ்அப்பில் வந்து விழுகுது:
நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும்
ஒரு குருவிக்கூடு கொண்டுவரவேணும்.
உண்மையான கூடு.

முப்பத்தெட்டு அம்மாமார்
வரிசையாய்க் கும்பிடு கை போடுகினம்.
நானும் போட்டன்.
போட்டபிறகுதான் யோசினை வந்தது:
கிளிநொச்சியில், இந்த நேரத்தில்
எந்தக் குருவியிட்டைப் போய்
வீட்டை விட்டு எழும்பச் சொல்லுறது?
இந்த ஊரில் அந்த வசனத்தை
ஆரும் பகிடிக்குச் சொல்லுறேல்லை.

இவர் டோர்ச்சோடை இறங்கினார்.
பக்கத்து வளவு முருங்கையில் கூடு இருந்தது.
கூட்டுக்குள்ளை ஆளும் இருந்தது.
ஒரு புலுனி.
கொஞ்ச நேரம் இரண்டுபேரும்
ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிண்டினமாம்.
திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடி சொன்னார்:
"அதுக்கும் மூண்டு பிள்ளையளப்பா."

பதினொரு மணிக்குத் தும்புத்தடியைப் பிரிச்சம்.
அதோடை கோழித்தீன் சாக்கு நூல்,
சீப்பில் கிடந்த என்ரை தலைமயிர்,
போனவரியத்துக் கரண்ட் பில் கிழிச்சுக் கொஞ்சம்.
இவர் கணக்காளர்.
குருவி எத்தினை பாகையில் குச்சி வைக்கும் எண்டு
யூடியூப்பில் பார்த்துப் பார்த்து
ஒரு மணிக்கு முடிச்சார்.
ஏதோ இருந்தது.
கூடு எண்டு முதலே சொல்லிவிட்டால்
கூடு எண்டு விளங்கும்.

மூத்தவள் தமிழ்விழிக்கு
இதுகளுக்கு நேரமில்லை, புலமைப்பரிசில் வருசம்.
திங்கள் கணக்கு, செவ்வாய் இங்கிலிஷ்,
புதன் அபக்கஸ், வியாழன் பரதம்,
வெள்ளி மாதிரி வினாத்தாள், சனியும் அதுவே.
"எப்ப பிள்ளை விளையாடுறது?" எண்டு கேட்டார் தகப்பன்.
"செவ்வாய் நாலு நாற்பதிலிருந்து
நாலு அம்பத்தைஞ்சு வரை" எண்டாள்,
கொப்பியால் நிமிராமல்.

காலமை ஸ்கூட்டி.
முன்னுக்குச் சின்னவன் இனியவன்,
பின்னுக்கு அவள்,
இடையில் மூண்டு தண்ணிப் போத்தல்,
இரண்டு சாப்பாட்டுப் பெட்டி, நான்.
கூட்டை எங்கை வைக்கிறது?
பையில் வைச்சால் தும்பாய்ப் போகும்.
அவளின்ரை ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடிச்சு
அதுக்குள்ளை வைச்சம். கச்சிதம்.
நகரத்தில் ஒண்டு வாங்கினால்
இரண்டுக்கு உதவவேணும்.

ஏ-ஒன்பதில் மஞ்சள் கோட்டில்
மாடுகள் ஒழுங்காய்க் கடக்குதுகள்,
மனிசர்தான் ஹோர்ன் அடிக்கினம்.
கரடிப்போக்கில் பொலிஸ் கை நீட்டினார்.
"பிள்ளைக்கு ஹெல்மட் எங்க?"
அவள் எடுத்துக் காட்டினாள்.
அவர் குனிஞ்சு பார்த்தார்.
ஒரு விரலால் மெல்லத் தொட்டும் பார்த்தார்.
நான் மனசுக்குள்ளை
தண்டப்பணத்தைச் சம்பளத்தில் கழிச்சுக்கொண்டிருந்தன்.
அவர் தனக்குத் தெரிஞ்ச தமிழில்
ஒண்டே ஒண்டுதான் கேட்டார்:
"முட்டை இல்லையா?"
"அது நாளைக்குத்தான் கேப்பினம்" எண்டாள் தமிழ்விழி.

விட்டிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஆறு.
"இது எந்தக் குருவியின்ரை?" எண்டு கேட்டாவாம் ரீச்சர்.
"எங்கடை தும்புத்தடியின்ரை" எண்டானாம் இவன்.
உண்மைக்கு ஆறு.
பொய் சொன்ன பிள்ளையளுக்கு ஒன்பது.
அதைப் பற்றி அவனோடை கதைக்கவேணும்.
எந்தப் பக்கத்திலிருந்து கதைக்கிறது எண்டு
நாங்கள் இரண்டுபேரும் இன்னும் முடிவெடுக்கேல்லை.

வீடு இரண்டு நாளாய்க் கூட்டேல்லை.
கூட்டத் தடி இல்லை.
கூடு குசினி யன்னல் கம்பியில் தொங்குது.
புலுனி ஒண்டு வந்து பார்த்தது,
தலையைச் சரிச்சுச் சரிச்சுப் பார்த்தது,
பிறகு ஒரு சத்தம் போட்டுது பாருங்கோ,
அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாய்ப் பழக்கம்,
மாமியார் வீட்டில் கேட்டது.

இரவு பத்து இருபது.
போன் வெளிச்சம் போடுது.
நாலுபேரும் நித்திரை மாதிரிக் கிடக்கிறம்.
அஞ்சாவது நிமிசம் நான்தான் தோத்தன்:
நாளைக்கு ஒரு லீற்றர் மழைத்தண்ணி.
உண்மையான மழை.

ஆவணி மாசம்.
இரணைமடுவே வெடிச்சுப்போய்க் கிடக்குது.
நான் கும்பிடு கை போட்டன்.
இவர் ஒரு சொல்லும் சொல்லேல்லை.
எழும்பி, வாளியை எடுத்துக்கொண்டு
முத்தத்துக்குப் போய்
அண்ணாந்து பார்த்தபடி நிக்கிறார்.